பேரக்குழந்தைக்கு மெல்லும் பதத்தில் சாக்லேட் சிப் குக்கீ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பேத்திக்கு ஆறு வயது. மொறுமொறுப்பான குக்கீயைக் கொடுத்தால் இரண்டு கடி கடித்துவிட்டு வைத்துவிடுவாள். ஓரம் மட்டும் லேசாக முறுகி, நடுப்பகுதி பல்லில் இதமாக இழுபடுகிற குக்கீ என்றால் விரலில் ஒட்டிய சாக்லேட்டைக்கூட விட்டுவைக்க மாட்டாள். அந்தப் பதம் கைவர எனக்கு நெடுநாள் பிடித்தது. கல்லாகப் போனவை, அப்பளமாகப் பரவியவை, கேக் போலப் பொங்கியவை என்று எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் எது எதனால் நடக்கிறது என்பது விளங்கியது. என்னைப் போலவே பேரனுக்கும் பேத்திக்கும் செய்து கொடுக்க விரும்பும் தோழிகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே விடைகளுடன் தருகிறேன்.

மெல்லும் பதம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

குக்கீயை இரண்டாகப் பிட்டால் பட்டென்று உடையக் கூடாது. முதலில் வளைந்து, பிறகு பிரிய வேண்டும். அதுதான் மெல்லும் பதம்.

இதைத் தீர்மானிப்பது குக்கீக்குள் தங்கும் ஈரம். ஈரம் முழுவதும் வெளியேறினால் மொறுமொறுப்பாகிறது. ஈரத்தோடு காற்றும் நிறையச் சேர்ந்தால் கேக் போல மெத்தென்று ஆகிறது. காற்று குறைவாகவும் ஈரம் போதுமானதாகவும் இருந்து, அந்த ஈரத்தைச் சர்க்கரை கெட்டியாகப் பிடித்து வைத்திருந்தால் நாம் தேடும் இழுவை கிடைக்கிறது. பழுப்புச் சர்க்கரை, உருக்கிய வெண்ணெய், கூடுதலாக ஒரு மஞ்சள் கரு, ஓவனிலிருந்து சற்று முன்னதாகவே எடுத்துவிடுவது: இந்த நான்கும் சேர்ந்துதான் அதைத் தருகின்றன. நான்கில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் கடைசியை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றையும் சரியாகச் செய்துவிட்டு மூன்று நிமிடம் கூடுதலாக விட்டுவிட்டால் எல்லாம் வீணாகிவிடும்.

நீங்கள் எடுத்துக்கொள்ளும் அளவு என்ன?

ஏறக்குறைய 20 குக்கீகளுக்கு:

- உப்பில்லாத வெண்ணெய் 150 கிராம்
- ஈரப்பதமுள்ள பழுப்புச் சர்க்கரை 165 கிராம்
- வெள்ளைச் சர்க்கரை 75 கிராம்
- பெரிய முட்டை 1, அதோடு மஞ்சள் கரு மட்டும் 1
- வெனிலா எசன்ஸ் 2 தேக்கரண்டி
- மைதா 235 கிராம்
- சமையல் சோடா அரைத் தேக்கரண்டி
- உப்பு அரைத் தேக்கரண்டி
- சாக்லேட் சிப் 200 கிராம்

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

வெண்ணெயை இளந்தீயில் உருக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். சூடாக ஊற்றினால் முட்டை திரிந்துவிடும். இரண்டு சர்க்கரைகளையும் அதில் கொட்டி ஒரு நிமிடம் நன்றாகக் கலக்குங்கள். முட்டை, மஞ்சள் கரு, வெனிலா மூன்றையும் சேர்த்து, கலவை சற்று வெளுத்துப் பளபளப்பாகும்வரை கலக்குங்கள். மைதா, சோடா, உப்பு மூன்றையும் தனியே சலித்து வைத்துக்கொண்டு, அதைக் கலவையில் கொட்டி, வெள்ளை மாவு கண்ணில் படாமல் மறையும்வரை மட்டும் கரண்டியால் புரட்டுங்கள். கடைசியாகச் சாக்லேட் சிப். மாவு தளர்வாகத்தான் இருக்கும். பயந்துபோய் மேலும் மைதா போட வேண்டாம்.

பாத்திரத்தை மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். குறைந்தது இரண்டு மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு. பிறகு 45 கிராம் அளவில், எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிய உருண்டைகளாகப் பிடித்து, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டு வையுங்கள். 175 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிய ஓவனில் நடுத்தட்டில் 10 முதல் 12 நிமிடம். வெளியே எடுத்தபின் அதே தட்டிலேயே பத்து நிமிடம் அசைக்காமல் விட்டுவிடுங்கள். மாவு இரவு முழுவதும் ஃப்ரிட்ஜில் இருந்திருந்தால் ஒரு நிமிடம் கூடுதலாகத் தேவைப்படலாம்.

கிராம் தராசு அவசியமா? கப்பால் அளக்கக் கூடாதா?

வெண்ணெயையும் சர்க்கரையையும் கப்பால் அளந்தால் பெரிய குற்றமில்லை. மைதாவை மட்டும் தயவுசெய்து எடை போடுங்கள். ஒரே கப்பில், கரண்டியால் மெல்லத் தூவி நிரப்பினால் 120 கிராம். கப்பையே மாவுக்குள் அமிழ்த்தி அள்ளினால் 150 கிராம் வரை. இரண்டு கப்புக்கு 60 கிராம் வித்தியாசம் வந்துவிடும். அந்த 60 கிராம் மாவு குக்கீயின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சி அதை வறட்டுக் கட்டியாக்கிவிடும். "அதே அளவில்தான் செய்தேன், போன முறை நன்றாக வந்தது, இந்த முறை வரவில்லை" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது மைதாவை எப்படி அளந்தீர்கள் என்பதைத்தான்.

பழுப்புச் சர்க்கரை இல்லாமல் வெள்ளைச் சர்க்கரையிலேயே செய்யலாமா?

செய்யலாம். ஆனால் அது வேறு குக்கீயாகிவிடும். மெல்லியதாக, முறுகலாக வரும்.

பழுப்புச் சர்க்கரையின் நிறத்துக்குக் காரணம் அதில் இருக்கும் மொலாசஸ் என்னும் கரும்புப் பாகு. அந்தப் பாகில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் இருக்கின்றன. ஃப்ரக்டோஸுக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தைக்கூட இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு. அதனால்தான் குக்கீ ஆறிய பிறகும், மறுநாளும்கூட வளைந்து கொடுக்கிறது. பாகில் லேசான புளிப்பும் உண்டு. சமையல் சோடா வேலை செய்ய அந்த அமிலமும் வேண்டும். ஆகவே பழுப்புச் சர்க்கரை சுவைக்காக மட்டும் சேர்ப்பதல்ல.

வாங்கும்போது விரலால் அழுத்திப் பாருங்கள். ஈர மணல்போல ஒட்டிக்கொள்ள வேண்டும். உதிர் உதிராக, பொன்னிறக் கற்கண்டுத் தூள் போல இருப்பதும் பழுப்புச் சர்க்கரை என்றே விற்கப்படுகிறது. அது இதற்குப் பொருந்தாது. ஈரமானது கிடைக்காவிட்டால் 200 கிராம் வெள்ளைச் சர்க்கரையில் ஒரு மேசைக்கரண்டி மொலாசஸ் விட்டு, நிறம் ஒரே சீராகும்வரை விரல்களால் பிசைந்துவிடுங்கள். நான் பல முறை அப்படித்தான் செய்திருக்கிறேன். ஒரு குறையும் தெரியவில்லை.

வெண்ணெயை ஏன் உருக்க வேண்டும்? அடித்து நுரைக்கச் சொல்கிறார்களே?

மெத்தென்ற குக்கீ வேண்டுமானால் அடித்து நுரைக்கலாம். மிருதுவான வெண்ணெயைச் சர்க்கரையோடு அடிக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னக் காற்றுக் குமிழ்கள் உள்ளே அடைபடுகின்றன. ஓவனில் அவை விரிந்து குக்கீயைத் தூக்கி நிறுத்துகின்றன. நமக்கு அந்தக் காற்று வேண்டாம்.

வெண்ணெயில் சுமார் 80 விழுக்காடு கொழுப்பு. மீதியில் பெரும்பகுதி தண்ணீர். உருக்கும்போது அந்தத் தண்ணீர் பிரிந்து, மைதாவோடு நேராகச் சேர்ந்து, குளூட்டன் என்னும் இழுபடும் புரதத்தைக் கொஞ்சம் உண்டாக்குகிறது. பல்லில் தெரியும் இழுவைக்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே உருகியதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். சடசடவென்ற ஓசை அடங்கும்வரை காய்ச்சினால் தண்ணீர் போய் நெய்யாகிவிடும்.

வெண்ணெயைப் பொன்னிறமாகக் காய்ச்சினால் அருமையான மணம் வரும் என்பது உண்மை. எனக்கும் அது பிடிக்கும். அப்படிச் செய்கிற நாளில் போன தண்ணீரைத் திருப்பித் தருவதற்காக ஒன்றரை மேசைக்கரண்டி பால் சேர்த்துவிடுகிறேன்.

ஒரு மஞ்சள் கருவைக் கூடுதலாகச் சேர்ப்பது எதற்கு?

வெள்ளைக் கரு வெந்ததும் இறுகிக் குக்கீயை உலர்த்தி, கேக் போல உப்பவைக்கும். மஞ்சள் கருவில் கொழுப்பு அதிகம். அதிலிருக்கும் லெசித்தின் வெண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்துப் பிடிக்கும். இரண்டு முழு முட்டைக்கும், ஒன்றரை முட்டை போன்ற இந்த ஏற்பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே வாரத்தில் இரு முறை செய்து பார்த்தால் கண்கூடாகத் தெரியும்.

சமையல் சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர் போடலாமா?

வேண்டாம். பேக்கிங் பவுடர் குக்கீயை மேல்நோக்கி உப்பவைக்கும். சோடா அதைப் பக்கவாட்டில் பரவவிட்டு, மாவின் காரத்தன்மையைக் கூட்டி, மேற்புறம் விரைவாகப் பழுப்பேற உதவும். அதற்காக அளவை மீற வேண்டாம். அரைத் தேக்கரண்டிக்கு மேல் போனால் சோப்பு வாடை அடிக்கும்.

சாக்லேட் சிப் நல்லதா, கட்டிச் சாக்லேட்டை நறுக்கிப் போடுவது நல்லதா?

சிப் என்பது ஓவன் சூட்டிலும் உருவம் கலையாமல் நிற்பதற்கென்றே செய்யப்படுவது. அதில் கோகோ வெண்ணெய் பெரும்பாலும் குறைவாக இருக்கும். கட்டிச் சாக்லேட்டை நறுக்கிப் போட்டால் அது உருகி அடுக்கடுக்காகப் பரவும்; தூளாக உதிர்ந்தவை மாவிலேயே கலந்து கோடு கோடாகத் தெரியும். பாதிக்குப் பாதி போடுவது என் வழக்கம். சின்னக் குழந்தைகளுக்குக் கசப்பு மிகுந்த சாக்லேட் பிடிப்பதில்லை. கோகோ 50 விழுக்காட்டுக்கு அருகில் இருப்பது அவர்களுக்கும் பெரியவர்களுக்கும் ஒத்துப்போகும். பால் சாக்லேட் மட்டும் போட்டால் தித்திப்பு திகட்டிவிடும்.

உருண்டை பிடித்த பிறகு மேலே நான்கைந்து துண்டுகளைக் கையால் பதித்துவிடுங்கள். சுவை மாறாது. ஆனால் தட்டைப் பார்த்ததும் குழந்தையின் முகம் மாறும்.

மாவை ஃப்ரிட்ஜில் வைக்காமல் உடனே சுட்டால் என்ன?

குழந்தை கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் நிற்கும்போது இந்தக் கேள்வி வருவது இயல்பு. உடனே சுட்டாலும் உண்ணத் தகுந்த குக்கீதான் வரும். ஆனால் காத்திருந்தால் மூன்று நன்மைகள் உண்டு.

முதலாவது, வெண்ணெய் மறுபடியும் உறைகிறது. ஓவனில் அது உருகுவதற்கு நேரம் எடுப்பதால் குக்கீ பரவி ஓடுவதற்குள் ஓரம் இறுகிவிடுகிறது, தடிமன் நிலைக்கிறது. இரண்டாவது, முட்டையிலும் வெண்ணெயிலும் உள்ள ஈரத்தை மைதா மெல்ல மெல்ல உள்வாங்குகிறது. முட்டையின் ஈரம் கெட்டியானது. மைதாவுக்குள் இறங்க அதற்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும். மூன்றாவது, மைதாவிலுள்ள நொதிகள் மாவுச்சத்தில் கொஞ்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. அதனால் மேற்புறம் ஆழ்ந்த பழுப்பாகிறது; சுவையில் ஒரு முதிர்ச்சி வருகிறது.

இரண்டு மணி நேரத்தில் முதல் நன்மை கிடைத்துவிடும். மற்ற இரண்டுக்கும் 24 மணி நேரமாவது வேண்டும். 72 மணி நேரத்துக்கு மேல் நான் வைப்பதில்லை.

பேத்தி வருவதற்கு முதல்நாளே மாவைக் கலந்து வைத்துவிடுவேன். அவள் வந்ததும் உருட்டுவதும் சுடுவதும்தான் மிச்சம். குழந்தையின் பொறுமை தாங்குகிற நேரம் அவ்வளவுதான், அதில் தவறும் இல்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மாவு கல்லாக இறுகியிருந்தால் அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டு உருட்டுங்கள். இல்லையென்றால் முதல்நாளே உருண்டைகளாகப் பிடித்து வைத்துவிடலாம்.

சரியாக எப்போது வெளியே எடுப்பது? எனக்கு எப்போதும் தவறிப்போகிறது.

இந்தக் கேள்விக்குத்தான் எல்லாவற்றையும்விட நீளமாக விடை சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பெரும்பாலான குக்கீகள் கடைசி மூன்று நிமிடத்தில்தான் கெடுகின்றன.

நாம் சமைத்துப் பழகிய கைகள். வெந்ததா என்று பார்க்கும்போது, நன்றாக வெந்ததா என்றுதான் பார்ப்போம். குழம்புக்கும் கிழங்குக்கும் அது சரி. குக்கீ அப்படியல்ல. ஓவனில் இருக்கும்போது வெந்துவிட்டதாகத் தோன்றும் குக்கீ, ஆறியபோது கண்டிப்பாக முறுகிவிட்டிருக்கும். வெளியே எடுத்த பிறகும் சூடான தட்டு அடியிலிருந்து அதை வேகவைத்துக்கொண்டே இருக்கிறது. சர்க்கரையும் வெண்ணெயும் சூட்டில் இளகியே இருக்கும், ஆறும்போதுதான் இறுகும். ஆகவே ஓவனுக்குள் பார்க்கும்போது "இன்னும் ஆகவில்லையே" என்று மனம் சொல்ல வேண்டும். அதுதான் எடுக்க வேண்டிய நேரம்.

என்ன பார்க்க வேண்டும்? ஓரத்தைச் சுற்றி ஒரு விரலகலம் நிறம் மாறி, தொட்டால் உறுதியாக இருக்க வேண்டும். நடுப்பகுதி வெளுப்பாக, உப்பலாக, மிருதுவாக இருக்க வேண்டும். ஆனால் நடுவில் மாவின் ஈரப் பளபளப்பு போயிருக்க வேண்டும். பளபளப்பு இருந்தால் ஒரு நிமிடம் பொறுங்கள். அது மங்கிவிட்டால் பொறுக்காதீர்கள். நடுப்பகுதியும் ஓரத்தைப்போலப் பொன்னிறமாகிவிட்டது என்றால் நேரம் தாண்டிவிட்டது.

முதல்முறை செய்யும்போது ஒரே ஓர் உருண்டையை மட்டும் சுட்டுப் பாருங்கள். 10-ஆவது நிமிடத்தில் எடுத்து, முழுவதும் ஆறவைத்து, பிட்டுப் பாருங்கள். உங்கள் ஓவனுக்கு உரிய நிமிடம் எது என்று அதுவே சொல்லிவிடும். அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் என் சமையல் நோட்டில் எழுதி, சுற்றிக் கட்டமும் போட்டு வைத்திருக்கிறேன்.

நடுப்பகுதி மென்மையாக இருந்தால் முட்டை வேகாமல் இருக்குமோ?

பயம் நியாயமானது, அதுவும் குழந்தைக்குக் கொடுக்கும்போது. முட்டை சேர்ந்த பண்டத்தின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பாதுகாப்பானது. மேலே சொன்ன அடையாளங்கள் தெரியும் நேரத்தில் குக்கீயின் நடுப்பகுதி அதைத் தாண்டியிருக்கும். மனம் அமைதி பெற, ஊசி போன்ற சமையல் வெப்பமானி ஒன்றை ஒருமுறை நடுவில் செருகிப் பாருங்கள். மென்மைக்குக் காரணம் வேகாத முட்டை அல்ல. இன்னும் இறுகாத சர்க்கரையும் வெண்ணெயும்தான்.

என் ஓவன் காட்டும் சூடு சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உள்ளே தொங்கவிடும் ஓவன் வெப்பமானி ஒன்றை வாங்குங்கள். வீட்டு ஓவன்கள் காட்டும் எண்ணுக்கும் உண்மையான சூட்டுக்கும் இடையே 15, 20 டிகிரி வேறுபாடு இருப்பது சாதாரணம். விசிறியுள்ள ஓவனாக இருந்தால் 20 டிகிரி குறைத்து 155-இல் வையுங்கள். விளக்கு அணைந்ததும் தட்டை உள்ளே தள்ளாமல், மேலும் பத்து நிமிடம் சுவர்கள் சூடேறவிடுங்கள். கறுப்புத் தட்டு வெப்பத்தை அதிகமாக இழுத்து அடியைக் கருக்கும். வெளிர் நிறத் தட்டே நல்லது.

குக்கீ எல்லாம் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. ஏன்?

மாவு குளிர்ந்திருக்காது, அல்லது வெண்ணெய் அதிகமாகிவிட்டிருக்கும், அல்லது ஓவன் போதிய சூடாகியிருக்காது. இன்னும் ஒன்று, பலரும் கவனிக்காதது: முதல் ஈடு எடுத்த சூடான தட்டிலேயே இரண்டாவது ஈட்டை வைப்பது. உள்ளே போவதற்கு முன்பே வெண்ணெய் உருகத் தொடங்கிவிடும். தட்டை ஆறவிடுங்கள். தட்டில் வெண்ணெய் தடவ வேண்டாம், வழுக்கிப் பரவும். பட்டர் பேப்பரே போதும்.

பரவிய குக்கீயைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது. ஓவனிலிருந்து எடுத்த உடனே, அகலமான ஒரு தம்ளரைக் குக்கீயின்மேல் கவிழ்த்து, வட்டமாகச் சுழற்றுங்கள். ஓரங்கள் உள்ளே ஒதுங்கி, குக்கீ அழகான வட்டமாகத் தடித்துவிடும். இளகியிருக்கும் இரண்டு நிமிடத்துக்குள் செய்தால்தான் உண்டு.

பரவவே இல்லை, உருண்டை உருண்டையாகவே நின்றுவிட்டது.

மைதா அதிகம். மீதி உருண்டைகளை உள்ளங்கையால் லேசாகத் தட்டையாக்கிச் சுடுங்கள்.

அன்றைக்கு மென்மையாக இருந்தது, மறுநாள் கெட்டியாகிவிட்டது. திரும்ப மென்மையாக்க முடியுமா?

முடியும். காற்றுப் புகாத டப்பாவில் குக்கீகளோடு ஒரு துண்டு ரொட்டியை வைத்து மூடுங்கள். ரொட்டியின் ஈரத்தைக் குக்கீயிலுள்ள சர்க்கரை இழுத்துக்கொள்ளும்; காலையில் ரொட்டி காய்ந்திருக்கும், குக்கீ இளகியிருக்கும். ஆனால் முறுக முறுகச் சுட்டுவிட்டதை ரொட்டியாலும் முழுமையாகத் திருத்த முடியாது.

ஆறு வயதுக் குழந்தை என்னென்ன வேலை செய்யலாம்?

நிறைய. சர்க்கரையைத் தராசில் கொட்டி, எண் 165-ஐத் தொடும்போது நிறுத்துவது குழந்தைகளுக்கு அவ்வளவு பிடிக்கும். என் பேத்தி மூன்று இலக்க எண்களை வாசிக்கக் கற்றுக்கொண்டது பள்ளியிலா, இந்தத் தராசிலா என்று எனக்கே சந்தேகம். மாவைச் சலிப்பது, உலர் பொருள்களைக் கலக்குவது, உருட்டுவது, சிப் பதிப்பது, மணி அடித்ததும் எனக்குச் சொல்வது எல்லாம் அவள் பொறுப்பு. உருட்டும்போது ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வரும். அப்போது கையிலிருந்து பிடுங்கித் திருத்தாதீர்கள். ஒவ்வொன்றையும் அவளையே தராசில் வைக்கச் சொல்லுங்கள். "45 வரவில்லை பாட்டி" என்று சொல்லிக் கொஞ்சம் மாவு கிள்ளி வைத்துக்கொள்வாள். நாம் சொல்லித் திருத்துவதைவிடத் தராசு சொல்வதைக் குழந்தை மகிழ்ச்சியாகக் கேட்டுக்கொள்கிறது.

சின்ன வயதுக் குழந்தை, மூன்று நான்கு வயது என்றால், சிப் பதிப்பது மட்டும் போதும். முட்டை உடைக்க ஆசைப்பட்டால் தனிக் கிண்ணத்தில் உடைக்கச் சொல்லுங்கள்; ஓடு விழுந்தால் எடுத்துவிடலாம். பிறகு இருவரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஓவன் கதவும் சூடான தட்டும் எந்த வயதிலும் பெரியவர் வேலை. தட்டு வெளியே வரும்போது குழந்தை எங்கே நிற்க வேண்டும் என்று ஓர் இடத்தை முன்பே முடிவு செய்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அது சாப்பாட்டு மேசையின் மறுபக்கம். "தட்டு வருகிறது" என்றால் அங்கே போய் நிற்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை.

பச்சை மாவைக் கொஞ்சம் நக்கிப் பார்க்கக் கேட்கிறான் பேரன். கொடுக்கலாமா?

கூடாது. பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம் என்பது பலருக்கும் தெரியும். பச்சை மைதாவிலும் ஈ.கோலி போன்ற கிருமிகள் இருக்க வாய்ப்புண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. மைதா என்பது வேகவைக்காத தானியத்தின் மாவு. வயலில் பட்ட கிருமி அரைத்த பின்னும் அதில் இருக்கலாம். அதனால் முட்டையில்லாத மாவு என்றாலும் கொடுக்க வேண்டாம். சிறு குழந்தைகளுக்கு இந்தக் கிருமிகளின் பாதிப்பு கடுமையாக இருக்கும். அவன் கேட்கும் நேரத்துக்கென்று ஐந்தாறு சாக்லேட் சிப்பைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

எந்த வயதிலிருந்து குக்கீ கொடுக்கலாம்? கொட்டைகள் சேர்க்கலாமா?

இரண்டு வயது நிரம்பும்வரை சேர்த்த சர்க்கரையைத் தவிர்க்க வேண்டும் என்பதே குழந்தை நல மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. அதற்குப் பிறகும் குக்கீ எப்போதாவது ஒருநாள் உண்ணும் பண்டமாக இருக்கட்டும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முழுக் கொட்டைகள் தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு, ஆகவே போடாதீர்கள். மிகச் சின்னவர்களுக்குச் சிப்பையும் பொடியாக நறுக்கிவிடுவது நல்லது. உட்கார்ந்துதான் தின்ன வேண்டும், ஓடிக்கொண்டு அல்ல.

ஒவ்வாமை பற்றிப் பேரக்குழந்தையின் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். முட்டை, பால், கோதுமை மூன்றும் இந்தக் குக்கீயில் இருக்கின்றன. பாலில்லாத கறுப்புச் சாக்லேட் என்று நினைத்து வாங்குவதிலும் பாலோ கொட்டையோ சிறிதளவு கலந்திருக்கலாம். உறையில் சிறிய எழுத்தில் போட்டிருப்பதை வாசித்துப் பாருங்கள். மகளோ மருமகளோ "இன்றைக்கு ஒன்று போதும்" என்றால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர்கள் வகுத்த எல்லையை நாம் குழந்தையின் கண்முன் மீறுவது நல்லதல்ல.

சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கலாமா?

பாதியாகக் குறைத்தால் மெல்லும் பதம் போய்விடும், ஏனென்றால் ஈரத்தைப் பிடித்து வைப்பதே சர்க்கரைதான். வெள்ளைச் சர்க்கரையில் 25 கிராம் குறைக்கலாம். பழுப்புச் சர்க்கரையில் கை வைக்காதீர்கள். இனிப்பு குறைய வேண்டும் என்றால் குக்கீயைச் சிறிதாக்குங்கள். 25 கிராம் உருண்டைகளாகப் பிடித்து 8 அல்லது 9 நிமிடம் சுட்டால் குழந்தையின் கைக்கு அளவான குக்கீ வரும். ஒன்று முழுதாகத் தின்ற திருப்தியும் அதற்குக் கிடைக்கும்.

முட்டை சேர்க்காதவர்கள் என்ன செய்வது?

இரண்டு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை ஐந்து மேசைக்கரண்டி தண்ணீரில் கலந்து கால்மணி நேரம் ஊறவைத்தால் கூழ்போல ஆகும். முட்டைக்கும் மஞ்சள் கருவுக்கும் பதிலாக அதைச் சேருங்கள். லேசான தானிய வாசம் தெரியும். இழுவை நன்றாகவே வரும். இந்த மாவுக்கு ஓர் இரவு குளிர்ச்சி கட்டாயம்.

இந்தக் குக்கீயை முதலில் செய்தவர் யார்? தவறுதலாகப் பிறந்தது என்கிறார்களே?

பேத்தியும் இதைத்தான் கேட்டாள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விட்மன் என்னும் ஊரில் டோல் ஹவுஸ் என்ற விடுதியை நடத்தியவர் ரூத் வேக்ஃபீல்டு. 1930-களில் அவர் சமையலறையில் உருவானது இது. வேறு ஏதோ தீர்ந்துபோய், சாக்லேட்டை உடைத்துப் போட்டதால் தற்செயலாக வந்தது என்ற கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. நான் அதை நம்பவில்லை. அவர் மனையியலை முறையாகப் படித்தவர். தம் விடுதியில் பரிமாறும் ஒவ்வொன்றையும் அளந்து, சோதித்துச் செய்தவர். தெரிந்தே, திட்டமிட்டு அவர் உருவாக்கியதைத் தற்செயல் என்று சொல்வது அவர் உழைப்பைக் குறைப்பதாகும். பேத்தியிடமும் அப்படித்தான் சொன்னேன். 1938-இல் அச்சான அவருடைய குறிப்பில் இதன் பெயரிலேயே மொறுமொறுப்பைக் குறிக்கும் சொல் இருந்தது. அவருடைய குக்கீ சிறியது, முறுகலானது. மெல்லும் பதம் பின்னால் வந்தவர்களின் விருப்பம்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

காற்றுப் புகாத டப்பாவில் நான்கு நாள். ஆனால் சுட்ட குக்கீயைச் சேமிப்பதைவிடச் சுடாத உருண்டைகளைச் சேமிப்பதே என் வழக்கம். தட்டில் இடைவெளி விட்டு ஃப்ரீசரில் இறுகவைத்து, பிறகு பையில் போட்டுத் தேதி எழுதி வைத்தால் இரண்டு மாதம் நன்றாக இருக்கும். பேத்தி திடீரென்று வந்து நின்றால் இரண்டே இரண்டு உருண்டை எடுத்து, உருகவிடாமல் அப்படியே ஓவனில் வைத்துவிடலாம். இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும்.

தூரத்தில் இருக்கும் பேரனுக்குப் பார்சலில் அனுப்ப முடியுமா?

முடியும், மொறுமொறு குக்கீயைவிட இது உடையாமல் போய்ச் சேரும். முழுவதும் ஆறிய பிறகே கட்டுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி நீராகிப் பூசணம் பிடிக்கும். இரண்டிரண்டாக அடிப்புறம் ஒட்டுமாறு சேர்த்து, பட்டர் பேப்பரில் சுற்றி, தகர டப்பாவில் இடைவெளி இல்லாமல் நிமிர்த்தி அடுக்குங்கள். டப்பாவைக் குலுக்கினால் ஓசை வரக் கூடாது. வந்தால் கசக்கிய காகிதத்தால் நிரப்புங்கள். கடும் வெயில் காலத்தில் அனுப்பினால் சாக்லேட் உருகி ஒட்டிக்கொள்ளும். மூன்று நாளுக்குள் போய்ச் சேரும் என்றால் மட்டும் அனுப்புங்கள். மூடுவதற்கு முன் உள்ளே ஒரு சீட்டு வையுங்கள்: எடுத்துத் தின்பதற்கு முன் மைக்ரோவேவில் பத்து வினாடி சூடு காட்டச் சொல்லி.